தண்ணீர் தொட்டு எழுதிய வாழ்த்து

என் அக்காள் மகளுடைய கல்யாண வாழ்த்துப் பத்திரத்தை நான் எச்சில் தொட்டு எழுதினேன் என்று எங்கள் உறவில் ஒரு பேச்சு நிலைத்துப் போய்விட்டது. விசேஷ வீடுகளில் என்னைக் கண்டால் யாராவது ஒருவர் அதை எடுப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். பிரியமாகத்தான் சிரிக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கோபமாகச் சொன்னால் பதிலுக்குக் கோபப்படலாம். பிரியமாகச் சொல்கிறவர்களை என்ன செய்வது? நான் கூட்டத்தில் வாய் திறக்கத் தெரியாதவன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் எழுத வரும். ஆகவே எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் நம் பக்கத்துக் கல்யாணங்களில் வாழ்த்துப் பத்திரம் படிப்பது கட்டாயம் போல ஆகிவிட்டது. தாலி கட்டி முடிந்து ஜனங்கள் பந்திக்கு எழுந்திருக்கப் பார்க்கிற நேரத்தில் ஒருவர் நடுவே வந்து நின்று தொண்டையைச் செருமுவார். கையில் பட்டுப் போன்ற காகிதம். சுற்றிலும் பூவேலை. மேலே மயிலோ அன்னமோ இருக்கும். கீழே வாழ்த்துகிறவர்களின் பெயரும் ஊரும். அதை ராகம் போட்டுப் படித்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். பிறகு அது கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்க் கூடத்துச் சுவரில் ஏறும். யார் வீட்டுச் சுவரில் எத்தனை தொங்குகிறது என்பது பெரிய மனிதத்தனத்துக்கு அடையாளமாகிவிட்டது.

அக்காள் மகளைக் கொடுத்த இடம் ஆனைமலைப் பக்கம். தோட்டம் துரவு உள்ளவர்கள். வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு அரிசி ஏற்றிப் போகிற லாரி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. பெரியப்பாதான் எல்லாம். அவர் தலையாட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. என் அக்காள் வீட்டிலோ மழையை நம்பிய புன்செய்க் காடும் நாலு உருப்படி மாடுகளும்தான்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அக்காள் கோயமுத்தூருக்கு என் மில் லைன் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, அவிக பக்கம் நாலு வாழ்த்து படிக்கறாங்களாம். மெட்ராஸ்ல அச்சுப் போட்டு வருதாம். நம்ம பக்கம் ஒண்ணுகூட இல்லீன்னா என்ற பொண்ணு அந்த ஊட்டுல எப்படித் தலை நிமிந்து நடப்பா?"

"அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"நீதான் அச்சு மாதிரி எழுதுவியே. ஒண்ணு எழுதிக் குடு. தாய்மாமன் குடுத்ததுன்னு இருக்கட்டும்."

கூட வந்திருந்த அவள் மகள் கதவருகில் நின்று எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது ஒன்றுதான். "பாட்டு கீட்டு வேண்டாங்க மாமா. நீங்க பேசற மாதிரியே எழுதுங்க. அத நான் அங்க கொண்டுபோயி வெச்சுக்குவேன்."

அதனால் அந்தக் காகிதம் இரண்டு காரியம் செய்ய வேண்டியிருந்தது. பந்தலில் நாலு பேர் கேட்கப் படிக்கப்பட வேண்டும். பிறகு அவளோடு அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் மில்லில் நூலைப் பேலாக, அதாவது பெரிய மூட்டையாக, கட்டுகிற பகுதியில் இருக்கிறேன். பேலுக்கு நம்பர் போடுவதும் லேபிள் ஒட்டுவதும் என் வேலை. வெளிநாட்டு லேபிள்கள் ஆரம்பத்தில் நிறைய வரும். அந்த இங்கிலீஷ் எழுத்துக்களை வாசிக்க எனக்குத் தெரியாது. தெரியாததே நல்லதாகப் போயிற்று. அவற்றைப் படம் பார்ப்பது போலப் பார்த்தேன். ஒரே எழுத்தில் ஓரிடம் தடிமனாகவும் ஓரிடம் முடிபோல மெலிசாகவும் இருக்கும். பட்டை முனை வைத்த தனிப் பேனாவால் எழுதுவார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்படிப்பட்ட பேனா எனக்கு எங்கே கிடைக்கும்? என்னிடம் இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மையில் தோய்த்து எழுதுகிற கட்டைப் பேனா. அதையே வைத்துக்கொண்டு அந்த எழுத்தைக் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்தேன்.

முதலில் சாதாரணப் பென்சிலால் எழுத்தை மெலிசாக எழுதிவிடுவேன். பிறகு, கை மேலிருந்து கீழே இறங்குகிற இடமெல்லாம் பக்கத்தில் இன்னொரு கோடு போடுவேன். கீழிருந்து மேலே ஏறுகிற இடத்துக்கும் படுக்கைக் கோட்டுக்கும் ஒற்றைக் கோடுதான். "ப" எழுதினால் இடது கால் மட்டும் தடிக்கும். அடியும் வலது காலும் மெலிசு. "ண" கஷ்டமான எழுத்து. சுழி ஒவ்வொன்றும் ஓரத்தில் தடித்து, உச்சியில் மெலிந்து, மறுபடி தடிக்க வேண்டும். எங்கே தடிப்பு தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. இங்கிலீஷ்காரன் நம் எழுத்துக்கு வழி சொல்லி வைக்கவில்லை. நானாகவேதான் ஒவ்வோர் எழுத்துக்கும் யோசித்தேன். விளிம்பைக் கட்டைப் பேனாவால் கறுப்பு மையில் இழுத்து, உள்ளே நிரப்புவதற்கு ஊதாப் பென்சிலை எடுப்பேன்.

அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பிப் பென்சில், அதாவது நகல் எடுக்கிற பென்சில், என்பார்கள். கூட்ஸ் ஷெட்டிலும் மில்லிலும் மூட்டை மேல் எழுத அதுதான். உலர்ந்திருந்தால் சாம்பல் நிறமாக எழுதும். ஈரம் பட்டால் ஊதா மையாகிவிடும். பிறகு சீக்கிரத்தில் போகாது. வேலை நேரத்தில் எல்லோரும் நாக்கில் தொட்டுத்தான் எழுதுவோம். எங்கள் நாக்கும் உதடும் வாரம் முழுவதும் ஊதாவாகவே இருக்கும். மையை ஊற்றி நிரப்பினால் காகிதம் ஊறிச் சுருங்கிவிடும். இந்தப் பென்சில் அப்படிச் செய்யாது. சமமாகப் படியும். அதனால்தான் அது.

ஆனால் அக்காள் மகளின் வாழ்த்துக்கு நான் நாக்கைத் தொடவில்லை. மங்கல காரியத்துக்கு எச்சில் ஆகாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குளித்துவிட்டு, வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு துணித் துண்டை நனைத்துப் பிழிந்து, அதில் தொட்டுத் தொட்டு எழுதினேன். வெற்றிலை போடக்கூட வாயைத் திறக்கவில்லை. இதை நான் எந்தச் சாமி சன்னதியில் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

கல்யாணம் அக்காள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய சீரையெல்லாம் செய்துவிட்டு நான் ஒரு பந்தல் காலோடு ஒட்டி நின்றுகொண்டேன். மங்கல வாழ்த்துப் பாட்டு முடிந்தது. தாலி ஏறியது. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர், பள்ளிக்கூட உபாத்தியாயர், வாழ்த்துப் படிக்க எழுந்தார். நல்ல குரல் அவருக்கு.

நாலு வாழ்த்தும் பாட்டாகவே இருந்தன. மாப்பிள்ளையின் பாட்டனார் வெட்டிய கிணறு வந்தது. பெரியப்பா வாங்கிய லாரி வந்தது. அவர் கொடுத்த தர்மம், கட்டிய மடம், வளர்த்த காளை எல்லாம் வந்தன. பெண் ஒவ்வொரு பாட்டிலும் கடைசி வரியில் ஒரு தாமரையாகவோ நிலவாகவோ வந்து போனாள். இரண்டு பாட்டுகளில் ஒரே வரிகள் இருந்ததை நான் கவனித்தேன். பிரஸ்காரன் வைத்திருக்கிற பாட்டு; பெயரை மாற்றி மாற்றிப் போடுவான். அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

ஐந்தாவதாக என்னுடையதை அக்காள் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். கெட்டி அட்டை. கண்ணாடி போடவில்லை. உபாத்தியாயர் அதைக் கையில் வாங்கியதும் உடனே படிக்கவில்லை. தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். "அடடா, எழுத்துன்னா இதுதாங்க எழுத்து! ஏனுங்க, எந்தப் பிரஸ்ஸுங்க இது?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் போதும் என்று நினைத்தேன்.

"கோயமுத்தூர்லீங்க" என்றார் அக்காள் வீட்டுக்காரர். அது பொய்யில்லை. கோயமுத்தூரில் என் வீட்டில்தானே எழுதினேன்?

பெரியப்பா கையை நீட்டினார். "கொண்டாங்க பாக்கலாம். கோயமுத்தூர்ல எனக்குத் தெரியாத பிரஸ்ஸா? இந்த எழுத்து ஒருத்தன்கிட்டயும் கெடையாதுங்க."

வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்; பந்தலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்; ஆனாலும் இன்றுவரை ஒருவரும் பார்த்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தன் ஆட்காட்டி விரலை நாக்கில் வைத்து நனைத்தார். அந்த விரலால் என் அக்காள் மகள் பெயரின் முதல் எழுத்தைத் தேய்த்தார். ஊதா வழிந்து கறுப்பு விளிம்பைத் தாண்டிப் பரவியது. விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"அட, பென்சிலுங்க! மூட்டைக்கு நெம்பர் போடற ஊதாப் பென்சில்! இத அச்சுன்னு சொல்லி நம்மள ஏமாத்தப் பாத்திருக்காங்க."

அச்சு என்று யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. உபாத்தியாயர் அச்சென்று நினைத்தார். அது என் குற்றமா? சரி, அச்சு போல எழுதினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அச்செழுத்து ஆகாயத்திலிருந்தா விழுந்தது? அதையும் முதலில் எவனோ ஒருவன் கையால் வரைந்துதானே ஈயத்தில் வார்த்திருப்பான்? கையைப் பார்த்து இயந்திரம் செய்தால் மரியாதை. இயந்திரத்தைப் பார்த்துக் கை செய்தால் ஏமாற்றா? இந்தக் கேள்வியை நான் அப்போது கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எனக்குத் தொண்டையில் எச்சில்கூட இல்லை.

அப்போது மாப்பிள்ளைக்குப் பங்காளி முறையான ஒரு வாலிபன், மில் வேலை கொஞ்சம் தெரிந்தவன் போலிருக்கிறது, உரக்கச் சொன்னான்: "இந்தப் பென்சில எச்சி தொட்டுத்தானுங்க எழுதுவாங்க. கல்யாண வாழ்த்த எச்சில எழுதிக் கொண்டாந்திருக்காங்க!"

ஏமாற்று என்ற பேச்சு அந்த நொடியில் போய்விட்டது. அதைவிடப் பெரியது கிடைத்துவிட்டதே. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. "அபசகுனமுங்க." "மொதல்ல அத மணவறைய விட்டு எடுங்க." "யாரு எழுதினது?" அக்காள் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள்.

"மாமா, கொஞ்சம் நாக்கை நீட்டுங்க பாக்கலாம்!" என்றான் அந்த வாலிபன்.

நாற்பத்தைந்து வயது எனக்கு. பெண்ணுக்குத் தாய்மாமன். தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னைப் பார்த்து நாக்கை நீட்டு என்கிறான்! மாட்டுத் தாவணியில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடினதே சாட்சியாகிவிட்டது. "பாத்தீங்களா, தொறக்க மாட்டேங்கறாரு!" பொறுக்க முடியாமல், "இல்லீங்க, நான் தண்ணி..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். முதல் நாள் வரை மில்லில் நம்பர் போட்ட நாக்கு அது. முன்வரிசையே கொல்லென்று சிரித்தது.

"நாவப்பழத் தோப்புல பூந்து வந்தாப்பல இருக்குதுங்க வாயி!"

தண்ணீர் என்ற சொல் யார் காதிலும் விழவில்லை. பெரியப்பா அட்டையைத் தரையில் கவிழ்த்து வைத்தார். "இத விட்டுப்போட்டு அடுத்த காரியத்தப் பாருங்க" என்றார். சொல்லிக்கொண்டே ஊதாப் பட்ட விரலைத் தன் வெள்ளைத் துண்டில் துடைத்தார். துண்டில் கறை பரவியது. மறுபடி விரலை நாக்கில் வைத்து ஈரம் செய்து துடைத்தார்! அந்தக் காகிதத்தில் எச்சில் என்று ஒன்று பட்டிருந்தால் அது அவருடையதுதான். பந்தல் நிறைய ஜனம். ஒருவருக்காவது அது தோன்ற வேண்டாமா?

எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை. கூச்சத்தால் மட்டும் அல்ல. அப்போதுதான் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம். தாலியில் மஞ்சள் ஈரம் காயவில்லை. அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்து, எச்சில் உங்களுடையது என்று பெண் வீட்டுக்காரன் சொல்ல முடியுமா? சொன்னால் அதற்கான பதிலை யார் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது? அவள்தானே?

அவள் குனிந்த தலையோடு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. "என்ன அம்மணி?" என்றார். மறுபடி சொன்னாள், இந்தத் தடவை பந்தல் கடைசி வரை கேட்டது.

"என்ற மாமன் எழுதினதையும் படிக்கச் சொல்லுங்க."

மணப்பெண் இப்படிப் பேசி நான் கண்டதில்லை. பெரியப்பா, "எச்சி பட்டதம்மணி, ஆவாது" என்றார். கொஞ்சம் சாந்தமாகத்தான் சொன்னார்.

"பட்டா பட்டுப் போவுதுங்க. எனக்குப் பல்லு மொளைக்காத காலத்துல மாமன்தான் கடலைக்காய மென்னு மென்னு ஊட்டுவாராம். அந்த எச்சியத் தின்னுதான் இத்தன பெருசா வளந்து உங்க ஊட்டுக்கு வாரேன். நானு ஆவேனுங்க, அந்தக் காயிதம் ஆவாதுங்களா?"

முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தார். பிறகு பெண்கள் பக்கம். பெரியப்பாவின் மீசையும் அசைந்தது. அவரே குனிந்து அட்டையை எடுத்து உபாத்தியாயரிடம் நீட்டினார். உபாத்தியாயர் ராகம் போடாமல் படித்தார். ராகம் போட அதில் எதுவும் இல்லை.

"கண்ணு, எங்கள் வீட்டில் நீ ஒரு நாளும் சத்தமாகப் பேசியதில்லை. நீ போகிற வீட்டிலும் சத்தமாகப் பேச வேண்டிய தேவை உனக்கு வராமல் இருக்கட்டும். பசித்தால் கேள். உடம்புக்கு முடியாவிட்டால் சொல். எங்களைப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் வா. உன்னைக் கட்டியவரும் நீயும் நன்றாக இருங்கள். இப்படிக்கு உன் மாமன்."

அவ்வளவுதான் வாழ்த்து. படித்து முடித்தபோது அக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நடக்க வேண்டிய காரியம் நடந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் மனதில் வேறொன்றுதான் ஓடியது. எனக்காகப் பேசினாளே, அவளும் நான் எச்சில் தொட்டு எழுதினேன் என்று நம்பித்தானே பேசினாள்?

பத்திரம் அவளோடு ஆனைமலைக்குப் போயிற்று. கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். அச்சடித்த நாலும் கூடத்தில் இருக்க, இது மாப்பிள்ளையும் அவளும் இருக்கிற அறையில் தொங்குகிறது. போன தை மாதம் நான் அங்கே போயிருந்தேன். மாப்பிள்ளை தன் சிநேகிதர் ஒருவரை அழைத்துவந்து அதைக் காட்டினார். "எங்க மாமன் எச்சி தொட்டே எழுதினதுங்க. என்ன கை பாருங்க!" என்று பெருமையாகச் சொன்னார்.

சிநேகிதர் போன பிறகு, எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்ததோ, "மாப்பிள்ளை, நான் தண்ணி தொட்டுத்தானுங்க எழுதினேன். அதுல எச்சி பட்டதுன்னா அது உங்க பெரியப்பா வெரல்ல இருந்துதானுங்க பட்டது" என்றேன். அவர் திகைத்துப்போய் அந்த எழுத்தைப் பார்த்தார். அக்காள் மகள் தோசைக் கரண்டியோடு சமையற்கட்டிலிருந்து வந்தாள்.

"நெசமாவா மாமா?"

"கிண்ணத்துல தண்ணி வெச்சு எழுதினேங் கண்ணு."

"அப்பவே சொல்றதுக்கு என்னங்க?"

"எப்படிச் சொல்றது? உன்ற ஊட்டுப் பெரியவரு எச்சின்னு பந்தல்ல சொல்லச் சொல்றியா?"

அவள் யோசித்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். கூடத்தில் பெரியப்பா இருமுகிற சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, பெரியவருக்கு இது தெரிஞ்சா ரொம்பச் சங்கடப்படுவாருங்க. இப்ப எம்மேல உசுரா இருக்காரு. நீங்க எச்சி தொட்டு எழுதினதாவே இருந்துட்டுப் போவட்டுமுங்க. உங்களுக்கு அதுல என்ன கொறஞ்சுபோச்சு?"

என்ன குறைந்து போயிற்றா? என் முகத்தைப் பார்த்து அவள் கேட்கிறாள்! அவள் வாழ்க்கை அந்த வீட்டில் நன்றாக இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தோசை தின்றேன். அந்த வீட்டிலும் உறவிலும் இனி இதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்காக யாருடைய பெயரையும் இதில் போடவில்லை. மற்றபடி நடந்தது இதுதான். தண்ணீர்.